ஐந்தாவது குரல்

இந்தக் காவல் நிலையத்துத் தேநீரில் பால் கொஞ்சம் அதிகம். அதைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, சார்ஜென்ட்.

வியோல் என்றால் என்னவென்று உங்கள் ஆள் கேட்டார். வயலினுக்குப் பெரியம்மா முறை என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சொத்தை எல்லாம் இளையவள் அள்ளிக்கொண்டு போன பிறகு, ஓரமாக உட்கார்ந்து மூக்கால் பேசும் பெரியம்மா. யார்க் நகரத்து எங்கள் குழுவில் அப்படி ஐந்து கருவிகள். கூடவே பாட நான்கு பேர். எல்லாம் பழைய ராணி காலத்துப் பாட்டுகள். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் அவர்களை இடித்து எழுப்பும் மனைவிமார்கள். பெருவியோல் நான் வாசிப்பது.

ரொவீனா கெல்சியை நான் வெறுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்தக் காலத்து இசையும் நமக்கு வேண்டும் என்று சொல்லி அவளை அழைத்து வந்ததே நான்தான். கெட்டிக்காரி. நானூறு வருஷத்துப் பழைய இரங்கல் பாட்டு ஒன்றை எடுத்து, அடிக்கு அடி நடுவே தன் புது இசையைச் செருகியிருந்தாள். பழையது நாலு வரி போகும். பிறகு பாடகர்கள் முனகுவார்கள், பெருமூச்சு விடுவார்கள், தரையைக் காலால் உதைப்பார்கள். நாங்கள் வில்லைத் திருப்பிக் கட்டையால் நரம்பைத் தட்டுவோம். மறுபடி பழையது. ஒத்திகையிலேயே எங்கள் ஃபிலிப்பா அழுதுவிட்டாள். தன் கல்யாணத்திலும் அழாத, தன் விவாகரத்திலும் அழாத பாடகி அவள்.

எனக்கு ரொவீனா தந்தது ஒரே ஒரு சுரம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை, நிறுத்தாமல்.

"எனக்கு வேற ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் தரை, ஆப்ரி. மத்தவங்க எல்லாம் உங்க மேலதான் நடக்குறாங்க."

"மிதிக்கிறாங்கன்னு சொல்லு," என்றாள் ஃபிலிப்பா.

"கவலையே படாதீங்க. தூங்கிக்கிட்டே வாசிக்கலாம்," என்றாள் ரொவீனா.

எல்லோரும் சிரித்தார்கள். அதில் என் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. விசாரித்துப் பாருங்கள்.

ஒலிப்பதிவை எங்கள் தேவாலயத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் நான்தான். அங்கே பராமரிப்பு என் பொறுப்பு. வாசலுக்கு மேலே உள்ள மாடத்தில் கைப்பிடிச் சட்டத்தின் ஆணிகள் துருப்பிடித்துப்போய், தச்சர் அவற்றைக் கழற்றி வைத்திருந்தார். படிக்கட்டின் குறுக்கே கயிறு கட்டி, சிவப்பு எழுத்தில் ஒரு பலகையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார். பதிவு நாளன்று நான் சற்று முன்னதாகவே வந்து இரண்டையும் அவிழ்த்து அலமாரியில் வைத்தேன். அவ்வளவு அழகான கட்டடத்தில் அந்தப் பலகை கண்ணை உறுத்தியது. கயிற்றை ஒழுங்காகச் சுற்றித்தான் வைத்தேன்.

"நான் மேல போய்க் கேக்குறேன், ஆப்ரி. குரலும் வியோலும் அங்கதான் ஒண்ணாக் கலக்கும்," என்றாள் ரொவீனா. "சாஞ்சு சாஞ்சு கேக்குறது என் வழக்கம். கைப்பிடி தாங்குமா?"

"எத்தனை பிஷப்புகளைத் தாங்கியிருக்கு. அவங்க சாப்பிடுற சாப்பாடு உனக்குத் தெரியாது."

சிரித்துக்கொண்டேதான் படியேறினாள்.

பாடகர்களும் மற்ற வியோல்காரர்களும் பலிபீடத்தைப் பார்த்து இருந்தார்கள். மாடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் நான் மட்டும்தான். இரண்டாவது புதுப் பகுதியில், எல்லோரும் தரையை உதைத்துக்கொண்டிருந்தபோது அவள் விழுந்தாள். சத்தம் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. யாரும் திரும்பவில்லை. அவளுடைய இசையில் அப்படி ஒரு சத்தம் வந்தால் யார்தான் திரும்புவார்கள்?

பின்வரிசைப் பெஞ்சுகள் அவளை மறைத்துக்கொண்டன. முனகல் பகுதி தொடங்கியது. நான்கு குரலுக்கு எழுதியது அது. ஐந்தாவதாக ஒன்று கேட்டது. சுருதி சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பழைய பாட்டு திரும்பி வந்தபோதும் அது அடியில் மெல்ல இழைந்துகொண்டிருந்தது. அடுத்த முனகலில் நான்கு குரல்கள்தான் இருந்தன.

என் வில் நிற்கவில்லை. நிறுத்தக் கூடாது என்பது அவள் உத்தரவு.

முடிந்ததும் ஃபிலிப்பா முகமெல்லாம் மலர்ந்து திரும்பினாள். "ரொவீனா, அந்தத் தடால் எப்ப சேர்த்தே? கொன்னுட்டே போ."

எல்லோரும் மேலே நிமிர்ந்தார்கள். மாடத்தில் கைப்பிடி இல்லாததை அப்போதுதான் அவர்கள் பார்த்தார்கள்.

உடனே கவனித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னாராம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஒரே ஒரு சுரம் குடுத்ததுக்காகவா?" என்று கேட்கிறீர்கள். அவ்வளவு அற்பமானவனா நான்? அந்தப் பழைய பாட்டை எழுதியவன் செத்து நானூறு வருஷம் ஆகிறது. அவனுக்காகப் பரிந்து பேச ஆள் இல்லை. பழைய இசையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. என் சொந்த விருப்பு வெறுப்பு இதில் துளியும் கிடையாது. ஆமாம், நான்தான் அவளைக் கொன்றேன். காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தப் பதிவு என்றாவது வெளிவந்தால், ஐந்தாவது குரல் வரும் இடத்தை வெட்டிவிட வேண்டாம். இசை முழுவதும் ரொவீனா கெல்சி என்று அட்டையில் போட்டுவிடவும் கூடாது. அந்த இடம் என்னுடையது. சின்ன வயதிலிருந்தே இசை எழுதிக்கொண்டிருக்கிறேன், சார்ஜென்ட். பிறர் கூடி நிகழ்த்தியது இது ஒன்றைத்தான்.