நான் அனுப்பாத மெயில்

பழனி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

"நான் அனுப்பவே இல்லக்கா. ஆனா 'போய்ச் சேரல'ன்னு முப்பது மெயில் எனக்கே திரும்பி வந்துருக்கு!"

"அதெப்படி? பாஸ்வேர்டத் திருடிட்டானா?"

"இல்லக்கா. அனுப்புன மெயில் லிஸ்ட்டுல பாத்தேன், அப்பிடி ஒண்ணுமே இல்ல. எவனோ எனக்குப் பழக்கமானவுக முகவரிய எங்கயோ புடிச்சு, என் முகவரியப் போட்டு அவன் இடத்துலருந்து அனுப்பிருக்கான். தபால் கவர்ல அனுப்புநர்னு யார் பேர வேணும்னாலும் எழுதலாம்ல, அதே கததான். 'ஆபத்துல இருக்கேன், இந்த லிங்க்க அமுக்கு'ன்னு எழுதிருக்கான். எதுக்கும் பாஸ்வேர்டயும் மாத்திட்டேன். அமுக்கிடாதீங்கன்னு தெரிஞ்சவுக எல்லாருக்கும் போன் போட்டேன்."

"உன்கூடப் படிச்ச மெர்சிக்குமா?"

"அவகூடத்தான் ஆறு வருசமாப் பேச்சே இல்லையே. என் கல்யாணத்துக்கு வரலைன்னு நான்தான் நிறுத்துனேன். அந்த மெயிலப் பாத்துட்டு நேத்து அவளே கூப்புட்டாக்கா! 'நல்லாருக்கியாடி'ன்னு ஒரே அழுக. இப்ப செம்பட்டியில ஏறப்போறா!"

செம்பட்டியில் பஸ் நிற்பதற்குள் அவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் ஓடிவிட்டாள். ஏறிய பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அந்த மெயில் நீ எழுதல, சரி. நெசமாவே ஆபத்துன்னா எனக்கு எழுதுவியா, மாட்டியா?"

"மொத ஆளா உனக்குத்தான்டி எழுதுவேன்!"

அவள் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.