நாம் உட்கார வைத்த நீலாவதி அம்மையார்

அவைத் தலைவர் திருநாவுக்கரசு அவர்களே, அபர்டீன் பஜாரில் கடைகளை அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, லம்பா லைன் தாய்மார்களே! மாதர் சங்கச் செயலாளராக இந்த இரங்கல் கூட்டத்தில் உங்கள் முன் நிற்கிறேன். அம்மையாரின் படத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் கூசுகிறது.

குடியேற்றக் காலத்தில் மெட்ராஸில் கப்பலேறி இந்த அந்தமானுக்கு வந்த நர்ஸ் நீலாவதி அம்மையார், ஓய்வு பெற்ற பிறகாவது ஓய்ந்தாரா? மழை தொடங்கினால் வீடு வீடாகப் போனார். மரப்படியில் படிந்த பாசியைத் தேய்த்தெடுக்க வைத்தார். பிடித்து இறங்கக் கயிறு கட்ட வைத்தார். விழுந்ததைப் பிள்ளைகளிடம் மறைத்த முதியவர்கள்கூட அவரிடம் மறைக்கவில்லை!

அண்ணன் முத்துமணியின் தந்தையார் சொக்கலிங்கம் ஒருமுறை படியில் சறுக்கினார். மகன் அவரை அதன்பின் கீழே இறங்கவே விடவில்லை. அம்மையார் வாசலில் நின்று சத்தம் போட்டார்: "ஏம்ப்பா, உக்கார வச்சே அவரு காலைக் கெடுத்துருவ போலிருக்கே! படியைச் சரிபண்ணு, மனுசனைக் கட்டிப்போடாத. சலோ பெரியவரே, ரோடு வரைக்கும் போயிட்டு வருவோம்!"

அந்தப் பெரியவர் இன்று நடந்தே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் கண்ட நாம் என்ன செய்தோம்? சென்ற ஆண்டு அம்மையார் பஜாரில் இடறி விழுந்தார். வெறும் சிராய்ப்பு. நாம் பதறினோம். "போதும்க்கா, பஸ் கரோ, நிறுத்திக்கங்க! இனிமே நாங்க பாத்துக்கிறோம்" என்று முதலில் சொன்னவள் நான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தோம், சோறு கொண்டுபோனோம், கட்டிலைவிட்டு இறங்கினால் கோபித்துக்கொண்டோம்.

"இந்திராணி, காலு மரத்துப் போகுதுடி. கொஞ்சம் கையப் புடி, கடற்கரை வரைக்கும் போவோம்" என்றார்.

"மழை விடட்டும்க்கா" என்றேன். மழை விட்டது. நான் போகவில்லை!

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்தார். அவ்வளவு தூரம்கூட அந்தக் கால்கள் தாங்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் எழவேயில்லை. வழுக்கும் படியா அவரைச் சாய்த்தது? இல்லை! நம் அன்பு! நம் அச்சம்! என் சோம்பல்!

மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. அவர் பணி இருக்கிறது. இந்தச் சாவைக் கேட்டுப் பயந்து, நம் மூதாட்டி பொன்னம்மா அம்மாளை அவர் பிள்ளைகள் வாசலுக்குக்கூட விடுவதில்லையாம். நாளைக் காலை அங்கே போகிறேன். முதலில் படியைப் பார்ப்போம். பிறகு அந்த அம்மாளின் கையைப் பிடித்து, அவர் வேகத்திலேயே நடத்திக் கூட்டிப்போவோம். பிள்ளைகள் சண்டைக்கு வந்தாலும் வரட்டும்.

யார் யார் வருகிறீர்கள்? கையை உயர்த்துங்கள். பார்த்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவேன்.