ஒலியை அடக்கிப் பார்த்தவர்களின் குரலுக்கு

மாலை ஆறு மணியின் முகமே! மூடிய ஜன்னல்களுக்குள் முதலில் நுழைந்த மொழியே! அஞ்சியவர்களை அதட்டாமல் அருகில் அமர்ந்த அன்பே! எங்கள் பிரேனா அக்கா அவர்களே, வணக்கம்.

விடைபெறும் விழாவில் மகிழ்ச்சியைச் சொல்லித் தொடங்குவதே முறை. எங்களுக்கு முதலில் வருவது பயம்தான். நாளை மாலை ஆறு மணிக்கு உங்கள் நாற்காலியில் எங்களில் இளையவளான ஆர்யெத்தா அமர்ந்து நற்செய்தி வாசிக்கப் போகிறாள். இந்த மடலை இப்போது வாசித்துக்கொண்டிருப்பவளும் அவளே. அவளது வாயசைவு உங்கள் தாயார் தீலா அம்மையாருக்குப் புரியுமா என்பதே எங்கள் பயம்.

கடவுள் இல்லை என்று சட்டம் போட்டிருந்த நாட்டில் பிறந்தவர் நீங்கள். சமையலறைக் கதவைத் தாழிட்டு, பானைத் தண்ணீரில் உங்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த குருவானவர், பின்னொரு நாள் வேறொரு குழந்தைக்கும் அப்படிக் கொடுத்துப் பிடிபட்டார், திரும்பி வரவேயில்லை. பதிவேட்டில் உங்கள் பெயர் பிரன்வேரா. அந்தத் தண்ணீர் அறிந்த பெயர் பிரேனா. வீட்டுக்குள்ளும் அதைக் காதோடு காதாகத்தான் சொல்வார்களாம்.

ஆட்சி மாறிய பிறகு, பேராலயத்தையே விளையாட்டரங்கமாக்கி வைத்திருந்த நம் ஷ்கோதர் நகரில் மாலை ஒளித் தொலைக்காட்சி தொடங்கியது. கோயில் படியேற இன்னும் துணியாதவர்களின் வீட்டுக்கே நற்செய்தியைக் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் நோக்கம். முதல் நாள், முதல் வரி. “உங்களுடன் பிரன்வேரா” என்று எழுதித் தந்திருந்தார்கள். உங்கள் வாயில் வந்ததோ ‘பிரேனா’. அன்று வீட்டில் நடந்ததை நீங்களே எங்களுக்கு எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

“என்ன பேருடி சொன்ன அங்க?”

“பிரன்வேரான்னுதாம்மா.”

“யார்கிட்ட கதை விடுற? ‘வே’ன்னு சொல்றப்ப கீழ் உதடு பல்லுல படணும். உனக்குப் படவே இல்ல. ஊரே பாத்திருக்கும். ஜன்னலைச் சாத்துடி!”

“நீ சத்தம் வெச்சுக் கேட்டியாம்மா?”

“சத்தமா? மேல் வீட்டுக்காரன் காதுல விழுந்து தொலையவா?”

அந்த நொடியில் உங்களுக்குப் புரிந்தது. அம்மா தொலைக்காட்சியின் ஒலியை முழுக்க அடக்கிவிட்டு, மகளின் உதட்டைப் பார்த்தே கேட்டிருக்கிறார். விசாரித்தால், அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். பழையவர்கள் திரும்பி வந்தால்? கணக்குக் கேட்டால்? ஒலி வெளியே போகும், படம் போகாது.

மறுநாளிலிருந்து நீங்கள் மெதுவாக வாசித்தீர்கள். ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகே விட்டீர்கள். அன்று முதல் இன்று வரை உங்களைப் படம்பிடித்துவரும் பாஷ்க் அண்ணன் பொறுமையிழந்து சொன்னது எங்கள் நிலையத்தில் இன்றும் உலவுகிறது.

“அக்கா, நீ இந்தப் பத்திய முடிக்கறதுக்குள்ள ஆண்டவர் ரெண்டாவது தடவை வந்துடுவாரு!”

“வரட்டும்டா. வந்தா உக்காந்து கேக்கட்டும்.”

ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டு ஆளாளுக்குத் துப்பாக்கி ஏந்தித் திரிந்த அந்த வசந்தத்தை எப்படி மறப்பது? நிலையத்தில் மற்ற எல்லாரும் ஓடிவிட்டார்கள். நீங்களும் பாஷ்க் அண்ணனும் மட்டும் இருந்தீர்கள். தைரியத்தால் இருந்ததாக நீங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. தெருவில் சுட்டுக்கொண்டிருந்ததால் வெளியே போகப் பயமாக இருந்தது என்றுதான் சொல்வீர்கள். மேசைக்கடியில் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோத, மேசைக்கு மேலே நற்செய்தி நிதானமாக நடந்தது. கேமராவை ஓடவிட்டுவிட்டு, தெருக்கதவைப் பூட்டக் கீழே போன பாஷ்க் அண்ணன் வெளிறிப்போய்த் திரும்பினார். வாசகம் முடியும்வரை காத்திருந்து சொன்னார்.

“அக்கா, தெரு முழுக்க நீதான் பேசுற.”

“என்னடா உளர்ற?”

“சத்தியமா. எல்லா வீட்டு ஜன்னல்லயும் நீதான். வேட்டுச் சத்தம் பிள்ளைங்க காதுல விழக்கூடாதுன்னு டிவிய முழுசாத் திருகி வெச்சிருக்காங்க.”

பயந்து ஒலியைக் குறைத்த அதே விரல்கள் அன்று பயந்தே அதைக் கூட்டியிருந்தன. வேட்டுச் சத்தம் சற்றுத் தள்ளிப் போனதும் வீட்டுக்கு ஓடிப் பார்த்தால், ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, முழு ஒலியோடு அலறும் பெட்டிக்கு முன்னால் உங்கள் அம்மா. “வெளிய சுடுறானுங்க, அதான் வெச்சேன். அடங்கினதும் குறைச்சுடுவேன்” என்றாராம். சொன்னபடியே குறைத்தும் விட்டார்.

எண்பதைத் தாண்டிய அவருக்கு இப்போது காது அறவே கேட்பதில்லை. ஆனாலும் மாலை ஆறு மணியானால் ஒலியை அடக்கிவிட்டுத்தான் உங்களைப் பார்க்கிறார். நற்செய்தி அவர் மனத்தில் இறங்கியதற்கு ஒரே அடையாளம் உண்டு என்பீர்கள். வாசகம் தொடங்கியதுமே, ஜன்னலைச் சாத்தச் சொல்லி யாரையாவது விரட்டுவார்.

எங்கள் தலைமுறை அந்தச் சட்டத்தைப் பார்த்ததில்லை. உரக்கப் பேசிப் பழகியவர்கள் நாங்கள். போன வாரம் ஆர்யெத்தாவைப் படம்பிடித்து, ஒலியில்லாமல் ஓட்டிப் பார்த்து அவளிடம் சொன்னீர்கள்.

“ஒண்ணும் வெளங்கலம்மா. மீன் வாயத் தொறக்குற மாதிரி இருக்கு.”

எல்லாரும் சிரித்தோம். அவள் மட்டும் வீட்டுக்குப் போய், கண்ணாடி முன் நின்று அழுதாள். அதற்குப் பிறகு தினமும் அங்கேயே நின்று, குரலே எழுப்பாமல் வாசித்துப் பழகுகிறாள். உங்கள் அம்மாவைப் போல, ஒலியின் மீது கை வைத்தபடி பார்ப்பவர்கள் இந்த நகரில் இன்னும் எத்தனை பேரோ, எங்களுக்குத் தெரியாது. அவர்களை எங்கள் அவசரத்தால் இழந்துவிடுவோமோ என்றுதான் நடுங்குகிறோம்.

அன்பு அக்கா! நள்ளிரவில் பயந்து விழிக்காத உறக்கமும், கதவு தட்டப்பட்டால் விருந்தினர் என்றே எண்ணுகிற மனமும், நடுக்கமற்ற முழங்கால்களும் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்க வேண்டுகிறோம். உங்கள் அம்மாவுக்கும் அவையே வாய்க்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளை மாலை ஆறு மணிக்கு அம்மாவின் அருகில் அமருங்கள். அவரே ஒலியை அடக்கட்டும். “யாருடி இந்தப் பொண்ணு, என்ன சொல்றா?” என்று கேட்டால், தயங்காமல் எங்களைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டுங்கள், மறுபடி கண்ணாடி முன் போய் நிற்போம். ஆனால் அவர் உங்கள் பக்கம் திரும்பி, “ஜன்னலைச் சாத்துடி” என்று சொல்லிவிட்டால், எழுந்து போய்ச் சாத்துங்கள், அக்கா. அழைக்க வேண்டாம். நாங்கள் புரிந்துகொள்வோம்.

இவண்,
அன்பும் அச்சமும் குறையாத
மாலை ஒளித் தொலைக்காட்சிப் பணியாளர்கள்,
ஷ்கோதர்.