தானாக இறங்கும் கண்ணாடி

மெக்கானிக்: சார், முதல்ல ஹெல்மெட்டைக் கழட்டுங்க. நீங்க பேசறது ஒரு வார்த்தைகூடப் புரியல.

கணவன்: கழட்டினாலும் காதுக்குள்ள டமடமங்குதுப்பா! பைக் முன்னாடி விண்ட்ஷீல்டு கண்ணாடி மாட்டினா காத்தைத் தடுக்கும்னியே... எங்க தடுக்குது? ஊர்க் காத்தையெல்லாம் பிடிச்சு என் தலையிலயே கொட்டுது.

மனைவி: மெதுவா பேசுங்க. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பாக்கறாரு.

கணவன்: பாக்கட்டும். ஓட்டறவன் கஷ்டம் பின்னாடி உக்காந்து வர்றவளுக்கு எங்க தெரியப்போகுது?

மனைவி: ம்ம்... தெரியாதுதான்.

மெக்கானிக்: தலை எப்படி சார் ஆடுது?

கணவன்: எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்ற மாதிரி. போன ஞாயித்துக்கிழமை சிக்னலைத் தாண்டறப்ப ஒரு போலீஸ்காரர் பதிலுக்கு எனக்கு வணக்கம் வச்சாருப்பா!

மனைவி: வீட்டுல ஒரு தடவைகூட அப்படி ஆடினதில்ல.

மெக்கானிக்: எந்த வேகத்துல ஆடுது?

கணவன்: நாப்பதுலயே.

மெக்கானிக்: நாப்பதுலயா? காத்து அறுபது, எழுபதுக்கு மேலதானே சார் வேலையைக் காட்டும்...

கணவன்: என் தலையா, உன் தலையா?

மெக்கானிக்: உங்க தலைதான் சார். இங்க பாருங்க, கண்ணாடி கடைசி ஓட்டைக்கு இறங்கியிருக்கு. விளிம்பைத் தாண்டி வர்ற காத்து சுருண்டு நேரா உங்க ஹெல்மெட்ல மோதுது. மேல் ஓட்டைக்கு ஏத்தினா தலைக்கு மேல போயிடும்.

கணவன்: போன வாரம் ஏத்தித்தானே குடுத்தே?

மெக்கானிக்: ஏத்தினேன்...

கணவன்: அதுக்கு முந்தின வாரம்?

மெக்கானிக்: அப்பவும் ஏத்தினேன்.

கணவன்: பின்ன எப்படிய்யா இறங்குது? நான் ஆபீஸ் பஸ்ல போறேன். வாரம் பூரா வண்டி வீட்டுல சும்மா நிக்குது!

மெக்கானிக்: வெயிலுக்கு... ஸ்க்ரூ இளகும் சார். என்னக்கா?

மனைவி: என்னை ஏன் தம்பி கேக்கற? எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?

கணவன்: சைடு மிரரும் கீழ பாத்துக்கிட்டு நிக்குது. அதுவும் வெயிலா?

மெக்கானிக்: அதே வெயில்தான் சார்.

கணவன்: பெட்ரோல்? ஞாயித்துக்கிழமை ரொப்பினா அடுத்த ஞாயித்துக்கிழமை காலி!

மெக்கானிக்: அது... ஆவியாகும்.

மனைவி: இந்த வருஷம் வெயில் ஜாஸ்திங்க.

கணவன்: கழுத்துக்குப் பட்டை வாங்கினேன். காதுல பஞ்சு வச்சேன். கண்ணாடி விளிம்புல ஸ்பாஞ்சு ஒட்டினேன். யார் யாரோ போட்ட வீடியோவெல்லாம் பாத்தேன்... போதும்பா. வித்துடப் போறேன். சாயங்காலம் பாக்க வர்றாங்க.

மனைவி: விக்கறீங்களா? இன்னிக்கேவா?

கணவன்: உனக்கென்ன வந்துச்சு? நீ கூரியர் ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டறவ.

மெக்கானிக்: அக்கா...

மனைவி: நீ சும்மா இரு தம்பி. ஏங்க, எப்பவாவது எனக்கு வண்டி வேணும்னா...?

கணவன்: உனக்கா! ஸ்டாண்டுலேர்ந்து எடுக்கவே கூட ரெண்டு ஆள் வேணும். ஓட்டறதுக்குன்னு ஒரு உடம்பு வேணும்மா. போன வாரம் எங்க பஸ்ஸை ஒருத்தன் முந்தினான் பாரு... இதே வண்டி, இதே கறுப்பு! முதுகுல இத்தாம்பெரிய பை. தலை ஒரு இம்மி ஆடல! நம்பரைப் பாக்கறதுக்குள்ள பறந்துட்டான். நான் பஸ்லயே எழுந்து நின்னு சொன்னேன், "அவன்தான்யா ஆம்பள!"

மெக்கானிக்: க்கும்... க்கும்...

கணவன்: என்னப்பா?

மெக்கானிக்: புகை சார்.

கணவன்: எந்த வண்டியும் ஓடலையே?

மனைவி: அந்தப் பை... சிவப்புப் பையா?

கணவன்: ஆமா. உனக்கெப்படித் தெரியும்?

மனைவி: அது என் முதுகுலதாங்க இருந்துச்சு.

கணவன்: ...என்னது?

மனைவி: ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு மெஷின் வந்துடுச்சுங்க. பார்சல் கொண்டுபோய்க் குடுக்கத்தான் ஆள் வேணும்னாங்க. வண்டி இருக்கான்னு கேட்டாங்க... இருக்குன்னுட்டேன். இந்தக் கண்ணாடி ஒசரமா இருந்தா விளிம்பு என் கண்ணுக்கு நேரா வந்து ரோட்டை மறைக்குது. அதான் இறக்கிக்கறேன். சனிக்கிழமை திருப்பி ஏத்தி வைக்கணும்... அலுப்புல மறந்துபோகுது.

கணவன்: அப்ப வெயிலு? ஆவி? டேய் தம்பி...

மெக்கானிக்: அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க சார்!

மனைவி: அவனை ஏன் திட்டறீங்க, என்னைத் திட்டுங்க. ஆனா விக்காதீங்க. வண்டி போனா என் வேலையும் போயிடும். அந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்குங்க.

கணவன்: ...எழுபதுல போனியே, உனக்கு பயமா இல்ல?

மனைவி: எண்பது. முதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல.

கணவன்: தம்பி... அந்த ஸ்பானரைக் கீழ வை. கண்ணாடி அவ ஒசரத்துக்கே இருக்கட்டும். சாயங்காலம் வர்றவங்களை நான் போன் பண்ணி நிறுத்திடறேன்.

மெக்கானிக்: அப்ப ஞாயித்துக்கிழமை உங்க தலை ஆடுமே சார்?

கணவன்: நீ கூரை ஒசரத்துக்கு ஏத்தினாலும் ஆடும்பா... நாப்பதைத் தாண்டினாலே எனக்கு உடம்பெல்லாம் உதறுது, வண்டி வாங்கின நாள்லேர்ந்து. பழியைக் காத்து மேல போட்டுட்டேன். இனிமே நான் பின்னாடி உக்காந்துக்கறேன்... பஸ்ஸை மட்டும் முந்தாதே தாயே!