பூவும் இலையும் சேராத செடி

மலாக்காவில் எங்கள் ஊர் காஜா பேராங்கில் மூங்கிலடி மண் நல்ல மண். அள்ளினால் கையில் ஒட்டாது, பொலபொலவென்று உதிரும். இதெல்லாம் என் தம்பி தியாகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவன் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிறானால் தரையில் வளரும் காட்டு ஆர்க்கிட் தேடிப் போவான். அம்மா போனபோது அவனுக்கு நான்கு வயது; வளர்த்தவள் நான். மெர்டேகாவுக்கு, அதுதான் மலாயா சுதந்திரத்துக்கு, ஏழு வருடம் முந்தி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் புதரடியில், ஒரே ஒரு இலை விடும் செடியைக் கண்டான். அதற்குப் பூ முதல் மழைக்குத் தனியாக வரும். அது வாடிய பிறகுதான் இலை முளைக்கும். ஒரே கிழங்கின் பூவையும் இலையையும் பார்த்தால்தான் இன்ன வகை என்று சொல்ல முடியுமாம். சிங்கப்பூரில் ஒரு தாவரத் தோட்டத்துக்கு எழுதிக் கேட்டான். இரண்டையும் காயவைத்து அனுப்பு, சரியாக இருந்தால் இங்கேயே வேலை தருகிறோம் என்று பதில் வந்தது. அதை எனக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினான்.

பூத்தண்டு தலைகாட்டிய காலையில், அவன் எழுவதற்கு முன் போய்க் கிள்ளினேன். மறுவருடமும் கிள்ளினேன். அவன் பக்கத்து வீட்டு ஆடுகளைச் சந்தேகித்தான்.

"பொன்னம்மாக்கா, ஆட்டைக் கட்டிப் போடுங்க."

"என் ஆடு தின்னா வேரோட தின்னும்டா. நகத்தால கிள்ளுற ஆடு உங்க வீட்டுலதான் இருக்கு லா," என்றாள் பொன்னம்மா, என்னைப் பார்த்தபடி.

தியாகு சிரித்தான். நானும் சிரித்தேன்.

நிழல், மூங்கில் சருகு, தண்ணீர் தேங்காத ஈரம். இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் அந்தச் செடியும் இருக்கும் என்று தேடி, ஊருக்கு வெளியே குருபோங்கில் ரப்பர்க் காட்டு ஓரம் கண்டுபிடித்துவிட்டான். நான்கு மொட்டு. ஞாயிற்றுக்கிழமை விரியும் என்றான்.

அது அவசரகாலம். கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காடெல்லாம் பட்டாளம். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அண்ணாமலை சைக்கிளில் வந்தான்.

"தியாகு இல்லையா, சிவகாமிக்கா? குருபோங் மூங்கில் பக்கம் நாளையிலேர்ந்து பகல்லயும் கர்பியூ. ஆளைப் பார்த்தா கேட்க மாட்டாங்க, சுட்டுடுவாங்க. பூ கீன்னு போயிடப் போறான். மறக்காம சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றேன்.

தியாகு வந்து சாப்பிட உட்கார்ந்தான். "சிங்கப்பூர்ல வீடு கிடைச்சதும் உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவேன்க்கா," என்றான். போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

காலையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பிடித்து இரண்டு நாள் வைத்திருப்பார்கள், பெயர் கெடும், சிங்கப்பூர் வேலை போய்விடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மதியத்துக்குள் அண்ணாமலையே திரும்பி வந்தான். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினான்.

"சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். கேட்கல."

ஊர் முழுக்க அதைத்தான் பேசியது. பிடிவாதக்காரப் பையன், அக்கா பேச்சைக் கேட்கவில்லை என்று. ஒரு நாளும் என் பேச்சைத் தட்டாத பிள்ளை அவன்.

நான் சொல்லவில்லை. 'சுட்டுடுவாங்க' என்பது காதில் சரியாக விழவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது. தெளிவாக விழுந்தது.

ஆனாலும் நீங்களே சொல்லுங்கள், கண்ணுகளா. சிங்கப்பூரில் தனியாக இருந்திருந்தால், அங்கே அவனை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?