அந்தச் சிவப்பு பைக்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில், முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் பக்கத்து சீட்டில் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்ணிடம் கத்திக்கொண்டிருந்தார்.

“ஒங்க லயத்து வீட்டு நாயிங்கள கட்டிப் போடுங்க! எத்தனையோ பைக் போகுது, என்னைய மட்டும் தொரத்தி ரோட்டோரக் கானுக்குள்ள விழ வச்சிருச்சுங்க.”

“அந்தச் செவப்பு பைக்கா? யாருகிட்ட வாங்குனீங்க?”

“ஒங்க தோட்டத்துல ஒங்ககிட்ட வேல வாங்குனாரே கண்டாக்கையா, அவரு மாத்தலாகிப் போறப்ப வித்தாரு.”

“அப்ப தொரத்தாம? பறிச்ச கொழுந்து கொறஞ்சா அந்த பைக்குலதான் லயத்து வாசலுக்கே வந்து ஏசுவாரு. குறுக்க நிக்கிற நாயிங்கள பூட்ஸ் காலால எட்டி ஒதைப்பாரு. அந்த பைக் சத்தத்த அதுங்க மறக்குமா?”

“அதுக்கு நானா கெடச்சேன்? நாய அடக்குங்க!”

அந்தப் பெண்ணும் குரலை உயர்த்தினாள்.

“அவரு ஏசுனப்ப நாங்கதான் வாய மூடிக்கிட்டு நின்னோம்ண்ணே. இப்ப நாயையும் வாய மூடச் சொல்றீங்களா?”