ஒற்றைச் செடி

பெங்களூர் வெயில் செடிகளுக்கு இதமானது, இன்ஸ்பெக்டர் சார். என் பையன் ஹரிஷ் டெக்சாஸிலிருந்து அனுப்பிய டொமாட்டிலோகூட எங்கள் தொம்மலூர் வீட்டில் இடுப்புயரம் வளர்ந்தது. நம்மூர்ச் சொடக்குத் தக்காளி மாதிரிதான். காகிதம் போன்ற உறைக்குள் பச்சைக் காய்.

என் மனைவி உஷாவுக்குப் புற்றுநோய். ஒரு காயையாவது பார்த்துவிட வேண்டுமென்று தினமும் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்வாள். மஞ்சளாய்ப் பூக்கும், உதிரும். "என் கை ராசி அப்படிங்க" என்பாள். தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் போய்விட்டாள்.

துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுத் தியோடர் செடியைப் பார்த்தார். ரோஜா வளர்த்துப் பரிசெல்லாம் வாங்கியவர்.

"ஒத்தச் செடி காய்க்காது சார். ரெண்டு வேணும். ஆன்ட்டி இருக்கப்பவே சொல்லணும்னு நெனச்சேன், மறந்தே போச்சு."

நான் கோபப்படவில்லை. காபி கொடுத்தேன். மிச்சமிருந்த விதையில் இரண்டு செடிகளைச் சிமென்ட் பூந்தொட்டிகளில் வளர்த்தேன். ஆகஸ்டில் கொத்துக் கொத்தாய்க் காய்த்தன. தியோடர் முதல் காயைப் பறித்து, உறையை உரித்துக் கடித்தார்.

"இந்தப் புளிப்புக்கா ஆன்ட்டி அவ்ளோ ஏங்கினாங்க?"

அடுத்த ஞாயிறு காலை, மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றேன். உடனே வந்து, தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்குள் ஏணி வைத்து இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீர். நான் ஏணியை மேலே எடுத்தேன். இரும்பு மூடியைப் போட்டு, பூந்தொட்டிகளை அதன்மேல் நகர்த்தி வைத்தேன். காவேரித் தண்ணீர் வரும் நாள். வால்வைத் திறந்துவிட்டுப் பேப்பர் படித்தேன்.

"கோதண்டராமன் சார், மூடி விழுந்துடுச்சு" என்றார் முதலில். பிறகு தட்டினார். பத்தரைக்கு நின்றது.

மோட்டாரைச் சரிசெய்ய வேறு ஆளில்லை. மூன்று நாள் மூடியைக் கொஞ்சம் விலக்கி, வாளியில் மொண்டு செடிகளுக்கு ஊற்றினேன். கணவரைத் தேடிக்கொண்டு மௌரீன் வந்தபோது ஒரு கிண்ணம் காய் கொடுத்தனுப்பினேன்.

தட்டும் சத்தம் மட்டும் ஓயவில்லை. பாத்ரூம் குழாயில் கேட்கிறது, இட்லிப் பானையில் கேட்கிறது, இப்போது உங்கள் மேஜைக்கடியில். உஷாவும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறாள். என் பக்கம் திரும்புவதில்லை.

விதையோடு ஹரிஷ் அனுப்பிய கடிதத்தை எடுத்து வந்திருக்கிறீர்கள். ஆமாம், இரண்டு செடி வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தான். முதலில் முளைத்ததும் இரண்டுதான். ஸ்கூட்டர் நிறுத்த இடைஞ்சலாக இருந்ததால் ஒன்றை நான் பிடுங்கிப் போட்டேன். உஷாவிடம் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியவர் தியோடர்தானே, சார்.